ஒரு ஃப்ளூ ஊசி பில்லை வைத்தே மெடிக்கல் கோடிங் வேலையை எடைபோடலாம்

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த மகளை மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்க்கலாமா, அது வெறும் டேட்டா என்ட்ரிதானே, இரவு வேலையாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதில் உள்ளதை மட்டும், காப்பீட்டுப் பணம் கேட்பதற்கான கோடாக (குறியீட்டு எண்ணாக) மாற்றுகிற வேலை அது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு. இலையுதிர் காலம் வந்தால் அங்கே ஃப்ளூ ஊசி கிளைம்கள், அதாவது காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பங்கள், குவியும். பார்க்க எளிதுதான், ஆனால் புதியவர்கள் அதில் நிறையவே தடுமாறுவார்கள்.

ஒரு சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவை, எடுத்துக்கொள்வோம். 68 வயதுக்காரர், முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் உள்ளவர். ரத்த அழுத்தத்தைக் காட்ட வந்தவர் இடது தோளில் ஹை-டோஸ் (முதியோருக்கான கூடுதல் வீரியமுள்ள) ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்கிறார். மருந்துக்கு 90662, அதைப் போட்டதற்கு ஜி0008, இரண்டுக்கும் காரணக் குறியீடு இசட்23. டாக்டர் தனியாகப் பரிசோதித்ததற்கு 99213 என்றால், அதோடு மாடிஃபையர் 25-ம் (ஊசியைத் தவிரத் தனிப் பரிசோதனையும் நடந்தது என்று காட்டும் துணை எண்), காரணமாக ரத்த அழுத்தத்துக்கான ஐ10-ம் வர வேண்டும். 25 விடுபட்டால் டாக்டரின் கட்டணம் டினை ஆகலாம், அதாவது காப்பீடு தர மறுக்கலாம். ஜி0008 இருக்கவேண்டிய இடத்தில், தனியார் காப்பீடுகளுக்குப் போடும் 90471-ஐப் போட்டாலும் சிக்கல்தான்.

அதே சார்ட்டில் 'ஃப்ளூ ஷாட் போடப்பட்டது' என்று மட்டும் இருந்தால்? வயது 68, ஹை-டோஸாகத்தான் இருக்கும் என்று ஊகித்து 90662 போடக் கூடாது. மருத்துவமனைக்குக் கேள்வி அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். போட்ட தேதி, தயாரிப்பு நிறுவனம், லாட் எண் (மருந்துத் தொகுதியின் எண்), போட்டவரின் பெயர், பதவி, முகவரி, நோயாளிக்குத் தந்த தகவல் தாளின் பதிப்புத் தேதி, அதைத் தந்த தேதி ஆகியவை பதிவில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

கோடுகளும் மாறிக்கொண்டே இருக்கும். பி/யமகாட்டா வகை வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படாததால், 2024-25 பருவத்தில் அமெரிக்காவின் ஃப்ளூ ஊசிகள் எல்லாம் நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரானவை என்பதிலிருந்து மூன்று வகைக்கு வந்தன. நான்கு வகை ஊசிக்கான 90686 என்று பழகிய கை, மூன்று வகைக்கான 90656-க்கு மாற வேண்டியிருந்தது. மூன்று வகை என்பதால் குழந்தைகளுக்கு ஆலோசனை சொல்லிப் போடும்போது முதல் கூறுக்கான 90460-உடன், கூடுதல் கூறுகளுக்கான 90461-ஐயும் இரண்டு முறை சேர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. ஒரே நோய்க்கான ஊசி, ஒரே கூறு. 90460 ஒன்றே போதும். மெடிகேர் கணக்கிடுவது ஆண்டை அல்ல, ஃப்ளூ பருவத்தை. ஜனவரியில் ஒன்று, அதே ஆண்டு அக்டோபரில் ஒன்று என்றாலும் இரண்டுக்கும் பணம் உண்டு. 'ஏற்கெனவே போட்டாச்சு' என்று இரண்டாவதைத் தள்ளிவிட்டால் மருத்துவமனைக்குத்தான் நஷ்டம்.

இந்த நுணுக்கங்களைப் படிக்கும்போது மகளுக்குச் சுவாரசியம் வந்தால் தயங்காமல் சேருங்கள். சலிப்பு வந்தால் கட்டணம் கட்டும் முன்பே நிறுத்திக்கொள்வது நல்லது. இரவு வேலையைப் பற்றிய உங்கள் கவலை, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோடு போனில் பேசும் ஏஆர் காலிங்குக்கே அதிகம் பொருந்தும். கோடிங்கில் பகல் ஷிஃப்ட் சாதாரணம்.

மெடிக்கல் கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கோடு புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். அனுபவம் இல்லாதவர்களுக்குச் சான்றிதழில் பயிலுநர் என்பதைக் குறிக்கும் 'ஏ' என்ற எழுத்து ஒட்டியிருக்கும், அனுபவத்தைக் காட்டிய பிறகே அது நீங்கும். சான்றிதழ் இல்லாத உயிரியல் பட்டதாரிகளை எடுத்துப் பயிற்சி தரும் நிறுவனங்களும் உண்டு. அங்கே முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி மையத்துக்கே போவதானால், தேர்வுக் கட்டணமும் இந்த ஆண்டுக்கான புத்தகங்களும் அவர்கள் சொல்லும் தொகையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு பெயர் நீக்கிய ஒரு தடுப்பூசி சார்ட்டைக் காட்டச் சொல்லி, அதை உங்கள் மகளுக்கு முன்னால் கோடு செய்து காட்டச் சொல்லுங்கள்.