தோட்டச் சுவர் கட்டும்முன் செங்கல்லை ஏன் நனைக்க வேண்டும்?

நனைப்பது என்றால், சூளைச் செங்கல்லைக் கட்டுவதற்கு முன் தொட்டியில் ஊறவைப்பது. காய்ந்த கல், தேநீரில் முக்கிய வர்க்கி மாதிரி; ஈரம் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல கல்லே தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் இழுக்கக்கூடும். அதைக் கலவையிலிருந்து இழுத்துவிட்டால், சிமெண்ட் பிடிக்காமல் நகம் பட்டாலே மணலாக உதிரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பக்கம் கலவை இன்னும் சீக்கிரம் காயும்.

குமிழி வருவது நின்றதும் கல்லை எடுத்து, மேல் ஈரம் வடிந்தபின் வையுங்கள்; சொட்டச் சொட்ட வைத்தால் வழுக்கும். இரண்டடிச் சுவர்தானே என்று கொத்தனார் ஒரு குடம் தெளித்து முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். கட்டியபின் 7 நாளாவது தண்ணீர் விட வேண்டும்.

வெயிலில் காய்ந்தால்தான் சுவர் உறுதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு வினைபுரிவதால்தான்.