'நெக் வளைந்துவிட்டது' என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு, சர்ச் பாடல் குழுவில் வாசிப்பதற்காக நாலு கம்பி பேஸ் கிட்டார் வாங்கினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. தடித்த கம்பியில் வாசித்தால் 'கர்ர்' என்று அடிக்கிறது. பழுது பார்ப்பவரிடம் காட்டினால், "நெக் வளைஞ்சு போச்சு, வேற நெக்தான் போடணும், 6,000 ரூபாய் ஆகும்" என்கிறார். கிட்டாரை வாங்கித் தந்த மாஸ்டரும் அதையே சொல்கிறார். கடைக்காரர் வாரண்டி கிடையாது என்கிறார். என்ன செய்யலாம்? (கருங்கல் வாசகி)

பதில்: முதலில், அந்த 6,000 ரூபாயை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி, வளைந்திருக்கிறது என்று பழுது பார்ப்பவர் சொன்னது பொய்யாக இருக்காது. பேஸ் கிட்டாரின் நெக் கொஞ்சம் வளைந்துதான் இருக்க வேண்டும். உங்கள் மகன் வாசிக்கும் தடித்த கம்பி, அதாவது 'ஈ' கம்பி, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதிரும்போது நடுப்பகுதி நன்றாக அகன்று ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு, நெக்கின் நடுவில் மயிரிழை அளவுக்குக் குழிவு வைப்பார்கள். நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை முன்னால் இழுக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிக்க மரத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராடு என்பது அதுதான். அதைத் திருகி முறுக்கவும் தளர்த்தவும் முடியும். கிட்டார் வந்த பெட்டியில் 'எல்' வடிவத்தில் ஒரு ஆலன் கீ கிடந்திருக்குமே, அது இதற்காகத்தான் வருகிறது.

ஆலன் கீயைத் தொடுவதற்கு முன் மகனின் விரலைப் பாருங்கள். நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் எந்தக் கிட்டாரும் கர்ர் என்றுதான் சொல்லும். ஃப்ரெட்டை ஒட்டி அதன் பின்பக்கம், அதாவது தலை இருக்கும் பக்கம், அழுத்த வேண்டும். வலது கையால் கம்பியைப் பிய்த்து எடுப்பது போல் இழுத்தாலும் இதே சத்தம் வரும். ஆம்ப்ளிஃபயரில் கேட்காமல், கிட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கிற சத்தம் என்றால் அதை விட்டுவிடலாம்.

விரல் சரியாக இருந்தும் சத்தம் வருகிறதா? சுருதி சேர்த்துவிட்டு ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் குனிந்து பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் அளவு இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. ஏடிஎம் கார்டே நுழைந்தால் வளைவு அதிகம். இடைவெளியே இல்லையென்றால் நெக் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் கர்ர் அடிப்பதற்கு வழக்கமான காரணம் இந்த மூன்றாவதுதான். அப்படியானால் டிரஸ் ராடின் நட்டைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டுவிட்டுப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். நட்டு அசையாவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டி மட்டும் சத்தம் வந்தால், பிரிட்ஜில், அதாவது கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் இடத்தில், கம்பி உட்காரும் சின்னத் துண்டைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. மரம் ஈரத்தை இழுக்கும், விடும். பங்குனி வெயிலில் சரி செய்த நெக் ஆடியில் அதே மாதிரி இருக்காது. வருடத்துக்கு ஓரிரு முறை ராடைத் திருகுவது சாதாரணப் பராமரிப்பு வேலை. இதை நோய் என்று சொல்லி அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்கிறார்கள். கழற்றிய பழைய நெக் குப்பைக்குப் போகும் என்றா நினைக்கிறீர்கள்? கால் சுற்று சுற்றி வேறொருவர் கிட்டாரில் ஏறும். வாங்கித் தந்தவரும் ரிப்பேர் செய்பவரும் ஒரே குரலில் பேசினால், கமிஷன் எந்தப் பக்கம் போகிறது என்று யோசியுங்கள். பாட்டு சொல்லித் தருகிறவர் கடைக்கு ஆள் பிடிக்கும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உண்மையிலேயே கடைக்காரர் பொறுப்பு வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் சுத்தமாக ஒலித்து, எப்போதும் ஒரே ஃப்ரெட்டில், உதாரணமாக ஐந்தாவதில் மட்டும் கர்ர் வந்தால், அதற்கு அடுத்த ஆறாவது ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏடிஎம் கார்டின் நீள விளிம்பை, கம்பிகளுக்கு நடுவே, பக்கத்துப் பக்கத்து மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்துங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் கார்டு முன்னும் பின்னும் ஆடும். பன்னிரண்டுக்கு மேல் ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும், அங்கே குட்டை விளிம்பை வையுங்கள். ஆனால் கர்ர் இல்லாமல், மெல்லிய 'ஜி' கம்பியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒலி சீக்கிரம் அடங்கிப் போவதை இதோடு குழப்பாதீர்கள். அது பேஸ் கிட்டாரின் சுபாவம். விலை உயர்ந்ததிலும் இருக்கும், ரிப்பேர் கிடையாது. தூக்கிய ஃப்ரெட் அப்படியல்ல. அது தயாரிப்புக் குறை. தட்டி உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் அரத்தால் சமப்படுத்துவார்கள். அதற்கும் நெக்கை மாற்ற வேண்டியதில்லை. கார்டு ஆடுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்போது, பில் எங்கே என்று கேட்பார்கள். உங்களுக்குத் தந்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டாக இருக்கும். "பில் போட்டால் விலை கூடும்" என்றால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். சீட்டோ, ஜிபே ரசீதோ, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சட்டத்தில் எல்லாம் அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நாலு ஃப்ரெட்டைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியவர் பெட்டியைப் பிரிக்காமலே விற்றுவிடுவார், நீங்கள் நகல் எடுத்துக்கொண்டு படியேற வேண்டும்!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்ச்சிலும் திருவிழா மேடையிலும் மைக் செட்காரர்கள், 'ஹம்' சத்தம் வருகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிறார்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது எர்த்தே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. கிட்டார் கம்பி, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்து, பையன் கம்பியைப் பிடித்தபடி உதட்டால் மைக்கைத் தொட்டால், கரண்ட் அவன் உடம்பு வழியாகப் போகும். இதில் உயிர் போயிருக்கிறது. கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் அது இயல்பு. சுருக்கென்று லேசாக உணர்ந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு அவசரமான ஆராதனையாக இருந்தாலும் சரி. உங்கள் சபையில் எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கமிட்டியில் "அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம்" என்பார்கள். ஒலிபெருக்கிக்குப் பணம் இருக்கிறது, எர்த் குழிக்கு மட்டும் இல்லையா என்று கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் பயிற்சிக்கு ஹோம் தியேட்டரில் செருக வேண்டாம். அதன் சின்ன ஸ்பீக்கர் ஈ கம்பியைத் தாங்காமல் கிழியும். கிட்டாரின் பின்பக்கம் 9 வோல்ட் பேட்டரிக்கு மூடி இருந்தால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டார் ஊமையாக நிற்கும்.