ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னால பவுடர் தூவிப் பாருங்க

பெருந்துறை நண்பருக்கு: திம்பம் ஏறி இறங்கினா உங்க டீசல் பிக்கப்ல இன்ஜின் பின்பக்கம் ஆயில் வழியுது, மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வர்ற அடைப்புத் தகடு) போயிடுச்சுன்னு சொல்றார்னு எழுதியிருக்கீங்க. அவசரப்பட்டுக் கழட்டிடாதீங்க. ஃபேன் காத்து ஆயிலைப் பின்னால தள்ளும். நனைஞ்சதுல உயரமான, முன்பக்க இடம்தானுங்க கசிவு ஆரம்பிக்கற இடம். டீசல் போட்டுத் தொடைச்சு, நல்லா காயவெச்சு, முகப்பவுடர் தூவி பத்து நிமிஷம் ஓட்டுங்க. வெள்ளைல கறுப்புக் கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. டேப்பெட் கவர் (ஹெட்டுக்கு மேல இருக்கற மூடி) ஓரத்துலயே ஆரம்பிச்சா கவர் பேக்கிங் மாத்தினாப் போதும். பிரீதர் குழாய் (இன்ஜின் உள்காத்தை வெளியேத்தற குழாய்) அடைச்சிருக்கான்னும் பாருங்க. அடைச்சிருந்தா உள்ளழுத்தம் ஏறிப் புது பேக்கிங்கும் கசியும்.

ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கோட்டுல ஈரம்னா ஹெட் கேஸ்கெட்தான். டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்கற குச்சி) ஆயில் பால் காப்பியாட்டம் இருந்தாலும் அதுமேலதான் முதல் சந்தேகம்.

புது ஹெட் கேஸ்கெட் வாங்கறப்போ தடிமன் ரொம்ப முக்கியம். பல டீசல் இன்ஜின்ல பிஸ்டன் பிளாக்குக்கு மேல நீட்டற அளவை வெச்சுத்தான் அதை முடிவு பண்ணுவாங்க. பழைய கேஸ்கெட் ஓரத்துல தடிமனைக் காட்டற வெட்டு, ஓட்டையை எண்ணி அதையே கேளுங்க. பிளாக்கோட மேல்பரப்பைச் சீவியிருந்தா டயல் கேஜ் (நுணுக்கமா அளக்கற முள் கருவி) வெச்சு பிஸ்டன் நீட்டலை மறுபடி அளக்கணும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்னா ரெண்டு பரப்பும் வழுவழுன்னு இருக்கணும். சொரசொரப்பான பழைய பிளாக்குக்கு கம்போசிட் (பல பொருள் சேர்த்துச் செஞ்ச, மெத்துன்னு இருக்கற கேஸ்கெட்)தான் என் தேர்வு. ஹெட் போல்ட் குழில ஆயில் தேங்கவிடாதீங்க, முறுக்கறப்போ பிளாக்கே விரிசல் விடும்ங்க.