வாசகர் கேள்வி-பதில்: பிலிப்பினோ ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

போன இதழில், விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதைப் பற்றி எழுதியபோது, பிரியாணிக் கடையையே சுற்றிச் சுற்றி வராமல் ஒரு தடவை பிலிப்பினோ ஹோட்டலுக்கும் போய்ப் பாருங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: அக்கா, நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். எதிர் ஃபிளாட்டில் ஒரு பிலிப்பினோ குடும்பம். என் மகளும் அவர்கள் மகளும் ஒரே வகுப்பு. லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி. பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்க ஆசை. வீட்டுக்காரரோ "அங்கே எது என்ன கறி என்றே தெரியாது" என்கிறார். ஊரிலிருந்து மாமியார் வேறு வந்திருக்கிறார். எங்கே போய், எதில் ஆரம்பிப்பது? (வாசகி, ஷார்ஜா)

ப: எதிர் ஃபிளாட்டில் ஆரம்பியுங்கள், ஹோட்டல் அப்புறம். அந்த அம்மாவிடம் "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே சாப்பிடப் போவீர்கள்?" என்று கேளுங்கள், போனில் நட்சத்திரம் எண்ணிக் கடை தேடுவதைவிட அது எவ்வளவோ மேல். முடிந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்தே கிளம்புங்கள். இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. வளைகுடாவில் நம்மைச் சுற்றி எத்தனை பிலிப்பினோக்கள்! ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸ், சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் பெண், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர். வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிறோம், பேசுகிறோம், ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவேளை சோறு சாப்பிட்டிருக்க மாட்டோம். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, கடைக்கு வருவோம். துபாய் வர முடிந்தால் கராமா, சத்வா இரண்டும் இதற்குப் பேர்போன இடங்கள். 2022ல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு, ஊத் மேத்தா செயின்ட் மேரீஸ் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் பலரும் சாப்பிடக் கராமா பக்கம்தான் வருவார்கள். அதனால் மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் போய் இடம் பிடியுங்கள். இல்லாவிட்டால் மூன்று மணிக்கு மேல் போங்கள், அது அவர்களுடைய 'மெரியெண்டா' என்கிற சாயங்காலச் சிற்றுண்டி நேரம், கூட்டம் குறைந்து சாவகாசமாகச் சாப்பிடலாம்.

முதல் தடவைக்கு நான் சொல்வது இதுதான்: இறால் சினிகாங், சிக்கன் இனசால், பான்சிட் பிஹோன், பூண்டுச் சோறு. சினிகாங் என்பது புளி ஊற்றிய கொதிக்கக் கொதிக்க வரும் சாறு, முள்ளங்கி, வெண்டைக்காய், காராமணிக்காய் எல்லாம் உள்ளே கிடக்கும். இனசால் பக்கோலோட் நகரத்துப் பக்குவம். கோழியை எலுமிச்சைப்புல், வினிகர், பூண்டு, கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையின் சாற்றில் ஊறவைத்து, அன்னாட்டோ விதை போட்டுச் சிவந்த எண்ணெயைத் தடவித் தடவிக் கரி அடுப்பில் சுடுவார்கள், அந்தச் சிவப்பு எண்ணெயைச் சோற்றிலும் ஊற்றிப் பிசைந்துகொள்ளலாம். பான்சிட் பிஹோன் அரிசி சேமியாதான், காய்கறியும் கோழியும் போட்டு வதக்கியது, பிள்ளைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடும். உங்கள் மாமியாருக்கு டினோலா சொல்லுங்கள். இஞ்சி தூக்கலாகப் போட்ட கோழிச்சாறு, பச்சைப் பப்பாளித் துண்டும் முருங்கைக்கீரையும் சேர்ந்தது. சளி பிடித்தவருக்கு நம் வீட்டில் என்ன கொடுப்போமோ அந்த ருசிதான். அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பழக்கமான பிறகு 'பூடில்' என்கிற கூட்டு விருந்தைச் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போகலாம். பிலிப்பைன்ஸ் ராணுவத்தில் அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக நின்று சாப்பிடும் வழக்கமாக வந்தது. மேஜை நீளத்துக்கு வாழை இலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிச் சுட்ட மீன், இறால், உப்பு முட்டை, தக்காளி, மாங்காய் என்று அடுக்கிவிடுவார்கள். தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறாலை உரித்து உங்கள் பக்கம் தள்ளுவார், நீங்கள் மீனைப் பிய்த்து அவர் பக்கம் வைப்பீர்கள். குழந்தைகளை இதற்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கே: பன்றி, மாடு இரண்டும் நாங்கள் சாப்பிடுவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், அபுதாபி)

ப: கேட்டுவிடுவதுதான் ஒரே வழி, கேட்பதில் தப்பே இல்லை. பிலிப்பைன்ஸில் அடோபோ, சிசிக், லும்பியா எல்லாமே பெரும்பாலும் பன்றிக்கறியில்தான் செய்வார்கள். இங்கே வளைகுடாவில் பெரும்பாலான கடைகள் அதையே கோழியிலோ மாட்டிலோ செய்கின்றன. ஆக இங்கே பன்றியைவிட மாட்டைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும், சாற்றுக்கு எலும்பு என்ன போட்டார்கள் என்பதையும் சேர்த்து. பாபோய் என்றால் பன்றி, பாகா மாடு, மனோக் கோழி, இஸ்டா மீன், ஹிபோன் இறால். இந்த ஐந்தையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கரே-கரே மாட்டுவாலில் செய்வது, அதை விட்டுவிடுங்கள்.

கே: நாங்கள் போய்ப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் சப்பென்று இருந்தது. மசாலாவே போட மாட்டார்களா? (வாசகர், தோஹா)

ப: மேஜையில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் இருந்திருக்குமே, அதைத் தொட்டீர்களா? அதற்கு 'சவ்சாவன்' என்று பேர். நம் வீட்டில் சமைக்கிறவர் உப்பு, புளி, காரம் மூன்றையும் சரிபார்த்து இறக்கிவைப்பார், சாப்பிடுகிறவர் உப்பு கேட்டாலே சமைத்தவருக்கு மனசு கோணும். அவர்கள் முறை வேறு. சமைத்தவர் பாதி செய்து கொடுப்பார், மீதியைச் சாப்பிடுகிறவர் தன் நாக்குக்கு ஏற்றபடி முடித்துக்கொள்வார். சோயா சாஸில் கலமான்சி பிழிந்து, சின்னக் காந்தாரி மாதிரியான மிளகாயை ஃபோர்க்கால் நசுக்கிப் போட்டு, சுட்ட கோழியை அதில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். பொரித்த மீனுக்குப் பூண்டும் மிளகாயும் ஊறிய வினிகர். அந்த வினிகரிலேயே தென்னங்கள், நிப்பா பனை, கரும்பு என்று ஊருக்கு ஒரு வகை. சினிகாங்குக்கு 'பாத்திஸ்' என்கிற மீன் சாறு. இதெல்லாம் இல்லாமல் சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும், அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நாக்கு சுருக்கென்று இருக்க வேண்டும் என்றால் மெனுவில் பிகோல் பகுதிச் சாப்பாட்டைத் தேடுங்கள். தேங்காய்ப்பாலும் மிளகாயும் அந்தப் பக்கம் தாராளம். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வற்றவிட்டுச் செய்யும் 'லாயிங்' எனக்கு ரொம்பப் பிடித்தது, நன்றாகச் செய்தால் எண்ணெய் பிரிந்து சுருள வந்திருக்கும்.

கே: சினிகாங்கை வீட்டில் நம் புளியை வைத்தே செய்யலாமா? (வாசகி, மஸ்கட்)

ப: தாராளமாக. ஆனால் அவர்கள் போடுவது பச்சைப் புளியங்காய், வேகவைத்து மசித்து வடிகட்டுவார்கள், சாறு தெளிவாக வரும். நம் பழுத்த புளி கொஞ்சம் இனிப்பு, நிறமும் கருத்துப்போகும். நான் நெல்லிக்காய் அளவு புளியோடு பாதி புளிப்பு மாங்காயும் சேர்த்து வேகவிட்டு மசித்துக்கொள்கிறேன், நிறமும் புளிப்பும் சரியாக வருகிறது. கடையில் சினிகாங் பொடி பாக்கெட்டும் கிடைக்கிறது, அவசரத்துக்குப் பரவாயில்லை, உப்பு மட்டும் ஜாஸ்தி.

அரை கிலோ மீன் அல்லது இறாலுக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். தண்ணீர் என்றால் அரிசியை இரண்டாவது தடவை களைந்த தண்ணீர். ஆமாம், அவர்களும் அதைத்தான் ஊற்றுகிறார்கள், செட்டிநாட்டு மண்டிக்கு நாம் எடுத்துவைப்போமே அதே கழனி. அதில் ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி போட்டுக் கரைய விடுங்கள். புளிச்சாற்றை ஊற்றுங்கள். முள்ளங்கி முதலில், அது பாதி வெந்ததும் கத்திரிக்காய், வெண்டைக்காய், காராமணிக்காய். காய் நறுக்கென்று இருக்கும்போதே மீனைப் போட்டு, அடுப்பைக் குறைத்து, கரண்டியைப் போட்டுக் கிண்டாமல் விடுங்கள். மீன் வெந்ததும் கங்கோங் கீரையும் இரண்டு முழுப் பச்சை மிளகாயும் போட்டு மூடி இறக்கிவிடலாம். கங்கோங் கிடைக்காவிட்டால் பசலை. உப்புக்குப் பதில் பாத்திஸ். மஞ்சள் வேண்டாம், தாளிக்கவும் வேண்டாம். கை தன்னால் கடுகு டப்பாவுக்குப் போகும், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், அந்தச் சாற்றின் அழகே காயும் மீனும் தனித்தனியாகத் தெரிவதுதான்.

கே: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது உண்டா? (வாசகி, சிங்கப்பூர்)

ப: கஷ்டம்தான், மறைத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காய்கறி என்று எழுதியிருந்தாலும் பாத்திஸோ, 'பாகூங்' என்கிற இறால் விழுதோ, சிப்பி சாஸோ உள்ளே இருக்கும். "வாலாங் கர்னே, வாலாங் இஸ்டா, வாலாங் பாத்திஸ்" (கறி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறு வேண்டாம்) என்று சொல்லிச் செய்யச் சொல்லலாம், சின்னக் கடைகளில் செய்தும் கொடுப்பார்கள். ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா உங்களுக்குப் பக்கம்தானே, ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் பிலிப்பினோ பணிப்பெண்கள் கூடுமிடம். அங்கே இனிப்புப் பக்கம் போங்கள். வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் சுருட்டிச் சர்க்கரைப் பாகு ஏறப் பொரித்த டூரோன், அரிசி மாவை ஆவியில் வேகவைத்த புட்டோ, இலையில் கட்டிய சுமான். முட்டையும் ஆகாது என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் துருவலில் பாலும் இனிப்புகளும் போட்ட ஹாலோ-ஹாலோவிலும் மேலே வைக்கும் லெச்சே பிளான் என்கிற கஸ்டர்டில் முட்டை உண்டு, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கே: என் மகன் ஜாலிபீ ஸ்பாகெட்டியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அது ஏன் இப்படி இனிக்கிறது? (வாசகர், துபாய்)

ப: ஜாலிபீ பிலிப்பைன்ஸ் நாட்டு ஃபாஸ்ட்ஃபுட் கடை, பிலிப்பினோ ஸ்பாகெட்டியே இனிப்புதான், பிறந்தநாள் விருந்துகளில் பிள்ளைகளுக்காகச் செய்வது. வீட்டில் செய்யும்போது வாழைப்பழ கெட்சப் ஊற்றுவார்கள். அந்தக் கெட்சப்புக்குப் பின்னால் ஒரு பெரிய மனுஷி இருக்கிறார். மரியா ஒரோசா, அமெரிக்காவில் உணவு வேதியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். தக்காளி வெளியிலிருந்து வரவேண்டிய நாட்டில், கொல்லையில் காய்க்கும் வாழைப்பழத்தை வைத்தே கெட்சப் செய்யலாம் என்று காட்டியவர். இரண்டாம் உலகப் போரில் சோயாவிலிருந்து சத்துமாவு தயாரித்து, அது ஜப்பானியரின் கைதி முகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு ரகசியமாகப் போய்ச்சேர வழிசெய்தார். 1945 பிப்ரவரியில் மணிலாச் சண்டையில் குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். அடுத்த தடவை மகன் தட்டைக் காலி செய்யும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கே: மகள் பிலிப்பைன்ஸில் டாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அழுகிறாள். அடுத்த மாதம் நாங்கள் போகிறோம். என்ன செய்யலாம்? (ஒரு தாய், சேலம்)

ப: பொடி வகைகளைக் கொண்டுபோங்கள், அதோடு அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு 'கரிந்தேரியா'வுக்கும் போங்கள் அம்மா. நம் மெஸ் மாதிரி சின்னக் கடை, சமைத்ததைப் பாத்திரத்தோடு முன்னால் வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்து பார்த்துக் கையைக் காட்டி வாங்கலாம். வெள்ளிக்கிழமையானால் மொங்கோ கிடைக்கும். பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் வேகவைத்தது, கருவாடோ பன்றித்தோல் வறுவலோ போட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பக்கத்து 'லாவ்-ஊய்' என்கிற காய்கறிச் சாற்றிலும் பூசணி, வெண்டை, கத்திரி, முருங்கைக்கீரைதான். ஹாஸ்டலில் சமைக்க அனுமதி இருந்தால் இதையெல்லாம் சந்தையில் அவளே வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். அழுகை நிற்க அதுதான் வழி.

கே: பிலிப்பைன்ஸுக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஏதும் உண்டா? (வாசகர், பினாங்கு)

ப: 1762ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களோடு ஒரு ஆங்கிலப் படை மெட்ராஸிலிருந்துதான் கப்பல் ஏறிப் போய் ஸ்பெயின்காரர்களிடமிருந்து மணிலாவைப் பிடித்தது. 1764ல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். வேர்க்கடலை அரைத்து ஊற்றும் கரே-கரே அவர்கள் கைப்பக்குவத்திலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். வேறு கதைகளும் உண்டு, ஆதாரம் எதற்கும் இல்லை.

கே: உடன் வேலை செய்பவர் வீட்டில் குழந்தையின் முதல் பிறந்தநாள். குடும்பத்தோடு அழைத்திருக்கிறார். வெறுங்கையோடு போகலாமா? (வாசகர், குவைத்)

ப: குழந்தைக்கு ஒரு பொருளும், கூடவே நீங்கள் செய்த ஒரு சாப்பாட்டுப் பண்டமும் கொண்டுபோங்கள். கோழி பிரியாணி என்றால் சட்டி நிமிஷத்தில் காலியாகும். முதல் பிறந்தநாளை அவர்கள் ஊரையே கூட்டிச் செய்வார்கள். பான்சிட் கட்டாயம் இருக்கும், நூடுல்ஸ் நீளம் ஆயுள் நீளம் என்று நம்பிக்கை, அதனால் அதை நறுக்கித் துண்டாக்காமல் சாப்பிடுங்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க், சோற்றை ஃபோர்க்கால் ஸ்பூனில் தள்ளிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். கிளம்பும்போது டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: கலமான்சி இங்கே கிடைப்பதில்லை. பதிலுக்கு என்ன? (வாசகி, சலாலா)

ப: இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு, ஒரு பங்கு ஆரஞ்சுச் சாறு. புளிப்பு ஆரஞ்சானால் இன்னும் நல்லது. பாட்டிலில் வரும் கலமான்சிச் சாற்றைத் தொட்டுக்கொள்ள வாங்காதீர்கள், அதில் பலதும் சர்க்கரை கலந்தது.