கேள்வி – பதில்: விண்வெளிப் போர்

விண்வெளிச் சாகசக் குறும்படம் எடுக்கிறோம். சண்டைக் காட்சிகள் நம்பும்படி அமைய என்ன செய்யலாம்?
– வாசகர், தக்கலை

முதலில் கப்பலின் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். இன்ஜினை அணைத்தாலும் அது நிற்காது. நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போவதை நிறுத்த, புவியீர்ப்பைப் போல 3 மடங்கு விசையில் எதிர்த்திசையில் உந்தினாலும் ஏறக்குறைய 170 விநாடி ஆகும். திரும்பி வர அதே அளவு உந்துதல் மறுபடியும் வேண்டும். அவ்வளவு நேரமும் வீரர்கள் இருக்கையோடு அழுந்திக் கிடப்பார்கள். ஓடிப்போய்ப் பீரங்கியைப் பிடிக்க முடியாது. பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான்.

செவ்வாய்க்குத் தகவல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஆகவே, பூமியிலுள்ள தலைமையகம் உடனுக்குடன் உத்தரவு போடக் கூடாது. களத்துத் தளபதி தனியாக முடிவெடுக்கட்டும்; நல்ல நாடகம் அதில் கிடைக்கும்.

கப்பலுக்குள் கேப்டன் "இடது இன்ஜினை நிறுத்து" என்று உத்தரவிட்டால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கேப்டனே முதல் ஆளாக எதிரிக் கப்பலுக்குள் குதிக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

எதிரியையும் மனிதனாக எழுதுங்கள். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உங்கள் ஊருக்குப் பக்கத்தில், உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. உங்கள் வில்லனிடம் எரிபொருள், உணவு, காற்று எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்சிக்குக் காட்சி குறித்து வையுங்கள்.