1,100 பக்கம் எப்படி 300ஐவிடச் சின்னதானது?

வணக்கம் சார்,

மின்னூல்களை அடுக்கி வைக்கும் காலிபர் மென்பொருளில் ஆயிரத்து நானூறு மின்னூல்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கியவை. பக்க எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு நெடுவரிசை உண்டு. அதை வைத்து, 100க்குக் கீழே இருந்தால் ‘குறுநூல்’, 300க்குக் கீழே இருந்தால் ‘நடுத்தரம்’, மற்றதெல்லாம் ‘பெருநூல்’ என்று காட்ட ஒரு டெம்ப்ளேட், அதாவது காட்ட வேண்டியதைக் கணக்கிட்டுத் தரும் சிறு நிரல், எழுதினேன். 1,100 பக்க நாவலை நடுத்தரம் என்கிறது. 45 பக்கக் கவிதைத் தொகுப்பு பெருநூலாம். பக்க எண் போடாதவை எல்லாம் குறுநூல். மென்பொருளில் கோளாறா, என்னிடமா? வங்கி வேலையில் ஓய்வு பெற்றவள் நான், நிரல் எழுதிப் பழக்கமில்லை. திருத்தப் போய் நூல்களைக் கெடுத்துவிடுவேனோ என்றும் பயம். பெயர் வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி

வணக்கம் அம்மா,

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘பிற நெடுவரிசைகளிலிருந்து உருவானது’ என்ற வகையில் நீங்கள் சேர்த்த நெடுவரிசை எதையும் சேமிப்பதில்லை. காட்டும்போது கணக்குப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். எத்தனை தடவை தப்பாக எழுதினாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது. மொத்தமாக விவரம் திருத்தும் இடத்தில் டெம்ப்ளேட் போட்டால்தான் ஆபத்து. அங்கே எழுதியது எழுதியதுதான்.

நீங்கள் அனுப்பியதை என் கணினியில் ஒட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக அதே கூத்து. (கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.)

டெம்ப்ளேட்டுக்குள் போனதும் எல்லாமே எழுத்துதான். நெடுவரிசையை எண்களுக்கானதாகத்தான் வைத்திருக்கிறீர்கள்; ஆனால் நெடுவரிசையில் இருப்பதை எடுத்துத் தரும் ஃபீல்ட் (field) கட்டளையால் கூப்பிட்டால் வருவது ஆயிரத்து நூறு என்ற எண் இல்லை. ஒன்று, ஒன்று, சுழி, சுழி என்று நான்கு எழுத்துகள். நீங்கள் போட்டிருக்கும் < குறி, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல அவற்றை ஒப்பிடுகிறது. 1100ஐ 100உடன் வைத்தால் முதல் எழுத்து சமம், இரண்டாவதில் 1க்கு எதிரே 0, ஆகவே 1100 பின்னால் போகிறது. சரி, குறுநூல் இல்லை. அடுத்து 300. முதல் எழுத்திலேயே 1க்கு எதிரே 3, தீர்ப்பு முடிந்தது, நடுத்தரம். 45இன் கதையும் இதேதான். 4 என்பது 1க்கும் பின்னால், 3க்கும் பின்னால். பெருநூல்! காலியாக இருப்பது எந்த எழுத்துக்கும் முன்னால் வரும் என்பதால் அவையெல்லாம் முதல் வாசலிலேயே குறுநூலாகிவிட்டன.

எண்ணாக ஒப்பிடு என்று சொல்ல வேறு குறி இருக்கிறது: <# என்று போட வேண்டும். சமமா என்று பார்க்க ==#. இரண்டு இடத்திலும் அந்த # சேர்த்ததும் நாவலும் கவிதைத் தொகுப்பும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. பக்க எண் இல்லாதவை மட்டும் அசையவில்லை. காரணம், எண்ணாக ஒப்பிடும்போது காலி என்றால் 0 என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் நூறுக்குக் கீழேதானே? முன்பு தப்பான காரணத்துக்காகக் குறுநூல், இப்போது வேறொரு காரணத்துக்காகக் குறுநூல். விடை மாறாததால் திருத்தம் வேலை செய்யவில்லை என்று தோன்றும். நிறையப் பேர் இங்கேதான் சலித்துப்போய் சரியான திருத்தத்தையும் அழித்துவிடுகிறார்கள்.

ஆகவே அளவு கேட்பதற்கு முன் ‘எண் இருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள். ‘இப்படி இருந்தால்’ என்று கேட்கும் இஃப் (if) போட்டு அதன் பக்கத்தில் வெறும் ஃபீல்ட் மட்டும் எழுதினால் போதும். காலி என்றால் பொய், ஏதாவது இருந்தால் மெய். உள்ளே உங்கள் மூன்று பிரிவு. கடைசியில் ஒவ்வொரு இஃப்புக்கும் அதை முடித்துவைக்க ஒரு ஃபி (fi). இஃப்பைத் திருப்பிப் போட்டால் ஃபி, இப்படித்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

கடிதத்தில் 1,100 என்று காற்புள்ளி போட்டிருந்தீர்கள். காலிபரும் அப்படிக் காட்டட்டும் என்று நாளைக்கு எண் வடிவம் கொடுத்தீர்களானால் ஃபீல்ட் அந்தக் காற்புள்ளியோடுதான் தரும், <# அதை எண்ணாக்க முடியாமல் நின்றுவிடும். அப்போது ஒப்பிடும் இடத்தில் ரா ஃபீல்ட் (raw_field) போடுங்கள். அது அலங்காரம் இல்லாமல் தரும். ஆனால் ‘இருக்கிறதா’ என்ற கேள்வியில் அதைப் போடாதீர்கள். காலி நெடுவரிசைக்கு ரா ஃபீல்ட் ‘நன்’ (None) என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தருகிறது. ‘இல்லை’ என்பதே ஒரு சொல்லாக வந்து உட்கார்ந்தால் காலி எப்படி ஆகும்?

இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்லவில்லை. டெம்ப்ளேட் டெஸ்டர் என்று ஒரு சாளரம் இருக்கிறது, விருப்பங்களில் போய் கருவிப்பட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நூல்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைத் திறங்கள்: ஒழுங்கான ஒன்று, எண் இல்லாத ஒன்று, அடம் பிடிக்கிற ஒன்று. முழு டெம்ப்ளேட்டையும் போடாமல் முதலில் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் ஸ்ட்ர்கேட் (strcat) கட்டளை கொண்டு ஃபீல்டின் முன்னும் பின்னும் சதுர அடைப்பு ஒட்டிப் பாருங்கள். [1100], [], [45] என்று கண்ணெதிரே வரும். அடைப்புக்குள் ஒரு இடைவெளி ஒளிந்திருந்தால் அதுவும் தெரியும். அப்புறம் ஒவ்வொரு வரியாகச் சேருங்கள். நீளமான டெம்ப்ளேட் என்றால் வரியில் நிறுத்தம் வைத்து, அந்த இடத்தில் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

ஒருமுறை டெம்ப்ளேட்டை ஆவணச் செயலியில் எழுதி அங்கிருந்து ஒட்டினேன். நேர் மேற்கோள் குறிகளை அது அழகாக வளைத்து வைத்திருந்தது. காலிபருக்கு வளைந்த குறி மேற்கோளே இல்லை. பிழைச் செய்தியை முறைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தேன். எங்கிருந்தாவது நகலெடுத்தால் முதலில் மேற்கோள் குறிகளைப் பாருங்கள்.

தமிழ்த் தலைப்போடு விளையாடும்போது இன்னொன்று. கோப்புப் பெயர் நீளாமல் இருக்க ஷார்ட்டன் என்ற கட்டளையால் தலைப்பின் நடுப்பகுதியை வெட்டுவது வழக்கம். அது எண்ணுவது யூனிகோடு குறிகளை, நம் எழுத்துகளை இல்லை. ‘கோவில்’ என்று முடியும் தலைப்பில் கடைசி ஐந்தைக் கேட்டால் க உதிர்ந்து ‘◌ோவில்’ என்று தலையில்லாத ஓகாரம் வரும். ‘தமிழ்’ என்பதில் முதல் நான்கைக் கேட்டால் புள்ளி போய் ‘தமிழ’. என் வாசிப்புக் கருவியில் இப்படிக் கைகால் போன கோப்புகள் ஒரு வரிசையே நின்றன. தமிழ் நூல்களுக்கு அதைப் போடுவதையே விட்டுவிட்டேன்.

பக்க எண் இல்லாதவற்றுக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எழுத வேண்டாம், வெறுமையாகவே விடுங்கள். தேடல் பெட்டியில் # போட்டு, பக்க நெடுவரிசையின் தேடல் பெயரை எழுதி, முக்காற்புள்ளிக்குப் பின் ஃபால்ஸ் என்று தட்டினால் அவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும். தினம் பத்தாக நிரப்பிக்கொண்டு போகலாம்.