தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டுகிறதே!

கேள்வி: எனக்கு 58 வயது. கார்த்திகையில் காற்று கிளம்பியதிலிருந்து இரவில் இரண்டு மூன்று முறை தொண்டை வறண்டு எழுந்துவிடுகிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாலும் அரை மணி நேரம்தான் தாங்குகிறது. பகலில் புளிப்பு மிட்டாய் போட்டுச் சமாளிக்கிறேன். பிரஷர் மாத்திரை உண்டு. தும்மலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய செட்டிரிசின் மாத்திரையை மூன்று மாதமாக இரவில் போடுகிறேன். இது சுகரின் அறிகுறி என்று மகள் பயப்படுகிறாள்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, உங்கள் வாயில் குறைந்திருப்பது தண்ணீர் அல்ல, உமிழ்நீர். அதனால்தான் சொம்பு சொம்பாகக் குடித்தும் தீரவில்லை. நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். தூங்கும்போது அது ஏறக்குறைய நின்றே போகும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து மூச்சுவிட்டால் இருக்கிற ஈரமும் காய்ந்துவிடும்.

உங்கள் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கார்த்திகையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் விருச்சிகக் காற்று (மலையாளத்தில் கார்த்திகைதான் விருச்சிகம்) ஈரமில்லாத காற்று. அது கிளப்பும் தூசியில் மூக்கு அடைக்கும், தும்மல் வரும், ராத்திரி வாயால் மூச்சு விடுவீர்கள். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தத் தும்மல் மாத்திரையைத்தான். அலர்ஜி மாத்திரைகள் பலவும் உமிழ்நீரைக் குறைப்பவை. செட்டிரிசினும் சிலருக்கு வாயை வறட்டும். இதை டாக்டரிடம் கேட்காமலே மாதக்கணக்கில் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. தும்மல் மாத்திரை இன்னும் தேவையா, மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்கடைப்புக்கு, கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை இரவில் விட்டுப் பாருங்கள்.

மிட்டாயை இன்றே விட்டுவிடுங்கள். பல்லில் படும் அமிலத்தைத் தணிப்பதே உமிழ்நீர்தான். அது குறைந்த வாயில் சர்க்கரையும் புளிப்பும் நாள் முழுக்க ஊறினால் பல் வேர்வரை சொத்தையாகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் இருவேளை பல் தேயுங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து இன்னும் வறட்டும், வேண்டாம். வெற்றிலை பாக்கு பழக்கம் இருந்தால், அதுவும் வேண்டாம். பாக்கு வாயின் உட்தோலை இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாமல் செய்துவிடும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். உங்கள் பக்கத்தில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சும் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ நல்லதுதான். ஆனால் இரவில் நிறையக் குடித்தால் சிறுநீருக்கு எழுந்தே தூக்கம் போகும். ஃபேன் காற்று முகத்தில் நேராகப் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். அறையில் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிடுங்கள்.

சரி, மகள் சொல்வது? அதையும் தள்ளிவிடக் கூடாது. அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு இருக்கிறதோ இல்லையோ, வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். கூடவே கண்ணிலும் மணல் விழுந்ததுபோல உறுத்தல், மூட்டுவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் பெண்களுக்கு அதிகம் வரும் ஷோக்ரென் என்ற நோய் கண்ணையும் வாயையும் சேர்த்தே வறட்டும். நாக்கில் வெள்ளைப் படலம், மூன்று வாரமாக ஆறாத புண், விழுங்கச் சிரமம், குரல் கம்மல் இருந்தால் காற்றுக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சளிக்கு எப்போதோ வாங்கி மிச்சம் வைத்ததையும் சேர்த்து.